டிஃப்லூஜியா கவிநிலே

புனேயிலிருந்து ஓர் ஆய்வாளர் எழுதிய மின்னஞ்சலைப் படித்த நாளிலிருந்து ராஜவேல் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பார். பாதியில் எழுந்து கை கழுவுவார். ஆதிலட்சுமி இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் கேட்டாள்.

"என்னங்க ஆச்சு? காலேஜுல எதனா பிரச்சனையா?"

அவர் செல்போனை அவள் பக்கம் நகர்த்தினார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. நீங்கள் ஊசுட்டேரியிலிருந்து புது இனமாக விவரித்த டிஃப்லூஜியா கவிநிலே என்ற அமீபா, பழைய பாகூரென்சிஸ் இனத்திலிருந்து ஒரே ஒரு கொம்பில்தான் வேறுபடுகிறது. இரண்டுக்குமே மரபணு வரிசை யாரிடமும் இல்லை. உயிருள்ள மாதிரி அனுப்ப முடியுமா, இரண்டும் தனித்தனி இனம்தானா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

ஆதிலட்சுமி படித்து முடித்துவிட்டுச் செல்போனைத் திருப்பி வைத்தாள்.

ராஜவேல் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். ஆதிலட்சுமி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஆய்வு நிலையத்தில் மரபணுப் பிரிவில் இருந்தாள். வீடு ஊருக்குள்ளேயே சாரம் என்ற பகுதியில். இரண்டு பேரும் உயிரியல் படித்தவர்கள் என்றாலும் ஒருவர் வேலை மற்றவருக்குத் தூரம். அவருக்கு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து உருவத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு உருவமே வேண்டாம். திரையில் ஓடும் எழுத்துகள் போதும்.

அமீபா என்றதும் பள்ளிப் புத்தகத்தில் வரைந்த உருவமில்லாத சளித்துளிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எல்லா அமீபாவும் அப்படி வெறும் உடம்போடு திரிவதில்லை. டிஃப்லூஜியா வகை, குளத்துச் சேற்றில் கிடக்கும் மணல் துகள்களைப் பொறுக்கி, பசை போல ஒன்றைச் சுரந்து ஒட்டித் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். சின்னக் குடம் போல இருக்கும். குடத்தின் வாய் வழியாகக் கால்களை நீட்டி நகரும். ஓட்டின் வடிவத்தை வைத்துத்தான் நூறு வருஷத்துக்கு மேலாக அவற்றுக்குப் பெயர் வைத்துவந்தார்கள். பாகூரென்சிஸ் அப்படி வந்த பெயர். பிரெஞ்சு ஆட்சியில் ஒரு ராணுவ வைத்தியர் பாகூர் ஏரித் தண்ணீரில் பார்த்து, ஒரு படம் வரைந்து, அரைப் பக்கம் எழுதிவிட்டுப் போனது.

கவிநிலே என்ற பெயர் வந்த கதை வேறு.

அவர்களுக்கு ஒரே மகள், கவிநிலா. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் ஸ்கூட்டரில் ஊசுட்டேரிக்குப் போவாள். அவர் குனிந்து சேறு எடுக்கும்போது அவளும் ஒரு பாட்டிலை வாங்கி முக்குவாள். ஒரு மழைக்காலத்தில் அப்படி எடுத்து வந்த பாட்டிலில் அவளே பென்சிலால் தேதி எழுதி ஒட்டினாள். அடுத்த மாதம் டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்த நாளில்தான் நிலைமை மோசமாகியது. ஒன்பது வயதில் போய்விட்டாள்.

பல மாதம் கழித்து ராஜவேல் அந்தப் பாட்டிலைத் திறந்தார். அடியில் தங்கிய சேற்றில் அவர் அதுவரை பார்க்காத ஓடு ஒன்று இருந்தது. குடத்தின் அடிப்பக்கத்தில் ஒரு கொம்பு. ஒன்றில் மட்டுமில்லை, தேடத் தேட நிறைய. அவரிடம் இருந்த எந்த நூலிலும் அப்படிக் கொம்புள்ள ஓடு இல்லை. வரைந்தார், அளந்தார், படம் எடுத்தார், விவரித்து எழுதினார். இனப்பெயருக்கு மகள் பெயரை லத்தீன் வழக்கப்படி முடிவை மாற்றிப் போட்டார். அச்சில் வந்த அன்று பிரதியைக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தார். அவள் ஒரு தடவை படித்தாள். பிறகு அதைத் தொடவில்லை.

மின்னஞ்சலுக்கு என்ன பதில் போடுவது என்று ஆதிலட்சுமி கேட்கவில்லை. ராஜவேலே ஆரம்பித்தார்.

"அவங்களுக்கு எதுக்கு அனுப்பணும்? நீயே பாத்துடு ஆதி. இங்கயே உன் மெஷின்ல பாத்துட்டா அதோட பேச்சு முடிஞ்சிடும்."

"நான் பண்ணா சரியா வருமாங்க? பொண்டாட்டி பண்ணதுன்னு சொல்வாங்க."

"வரிசை எல்லாத்தையும் பொதுவுல போட்டுடு. யார் வேணா எடுத்துப் பாக்கட்டும்."

"வேற மாதிரி வந்துச்சின்னா?"

"வராது." அவர் சிரிக்கக்கூடச் செய்தார். "எத்தன வருஷமா பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

ஜனவரியில் ஒரு காலையில் இரண்டு பேரும் ஊசுட்டேரிக்குப் போனார்கள். மகள் இருந்தபோதும் ஆதிலட்சுமி அங்கே வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குத் துணி துவைக்கும் நாள். ஏரி நிறைய பறவைகள். ராஜவேல் கரையோரம் வேகமாக நடந்துபோய் ஓரிடத்தில் நின்றார். கரையைப் பலப்படுத்த எப்போதோ கொட்டிய கருங்கல் ஜல்லியும் கல்தூளும் அங்கே தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தன.

"இங்கதான் உக்காருவா," என்றார். "செருப்பக் கழட்டி அந்தாண்ட வச்சிட்டு."

ஆதிலட்சுமி அந்த இடத்தைப் பார்த்தாள். கல்லும் சேறும்தான் இருந்தன. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "தண்ணி ஆழமா?" என்று கேட்டாள்.

"இல்ல, முழங்கால்தான்."

சேற்றைக் குப்பிகளில் நிரப்பினார்கள். கொஞ்சம் தள்ளி, கல்தூள் இல்லாத கரையிலும் எடுத்தார்கள். அடுத்த வாரம் ஆதிலட்சுமி தன்னோடு வேலை செய்யும் மாலாவை அழைத்துக்கொண்டு பாகூர் ஏரிக்குப் போனாள். ஒப்பிடுவதற்குப் பழைய இனமும் வேண்டும்.

மாலா புதுச்சேரியில் உப்பளம் பகுதிப் பெண். கைவிரல் நடுங்காது. முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஓர் அமீபாவை மட்டும் ஓட்டோடு உறிஞ்சி எடுத்து, சுத்தமான தண்ணீரில் பல தடவை கழுவி, படம் எடுத்துவிட்டு, குப்பியில் போடுவாள். உள்ளே இருக்கும் ஒற்றை உயிரணுவை உடைத்து அதிலிருந்து ஒரு மரபணுவை மட்டும் பெருக்க வேண்டும். பெருகியதைச் சென்னைக்கு அனுப்பினால் எழுத்துவரிசையாகத் திரும்பி வரும். நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீளமான வரிசை. இரண்டு உயிர்கள் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து எவ்வளவு காலமாகிறதோ அவ்வளவுக்கு எழுத்துகள் மாறியிருக்கும். கொஞ்சம் மாறியிருந்தால் நெருங்கிய சொந்தம், நிறைய மாறியிருந்தால் தூரத்துச் சொந்தம். எல்லாவற்றையும் சேர்த்துக் கணினியில் கொடுத்தால் கிளைகிளையாக ஒரு மரம் வரைந்து காட்டும்.

மரம் வந்த அன்று மதியம் மாலாதான் முதலில் பார்த்தாள். ஆதிலட்சுமி சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவள் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தாள், உட்காராமல்.

"மேடம், டியூபு எதனா மாறிப்போச்சான்னு பாக்குறேன்."

ஆதிலட்சுமி பார்த்தாள். கவிநிலே தனிக் கிளையாக வரவில்லை. பாகூர் ஏரியில் எடுத்த கொம்பில்லாத ஓடுகளும் ஊசுட்டேரியில் எடுத்த கொம்புள்ள ஓடுகளும் ஒரே கிளையில் கலந்து கிடந்தன. சில வரிசைகளில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. இரண்டும் ஒரே இனமென்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

"மாறியிருக்கும்," என்றாள் ஆதிலட்சுமி.

"நானே திரும்ப எடுத்துப் பண்றேன் மேடம். பொறுமையா பண்ணிக்கினு சொல்றேன்." அந்தப் பெயர் யாருடையது என்று மாலாவுக்குத் தெரியும். கவிநிலா, ஆய்வு நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு வந்து ஆடியதை அவள் பார்த்திருக்கிறாள்.

திரும்பவும் செய்தார்கள். புதிதாகச் சேறு எடுத்து, புது ரசாயனம் வாங்கி, இரண்டு பேரும் தனித்தனியாக. இன்னொரு மரபணுவையும் எடுத்துப் பார்த்தார்கள். அதே கிளைதான் வந்தது.

கடைசியாக ஆதிலட்சுமி கொம்புள்ள சிலவற்றைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தாள். கல்தூள் போடாமல் பொடி மணல் மட்டும் போட்டாள். இந்த அமீபா இரண்டாகப் பிரியும்போது தாய் பழைய ஓட்டிலேயே இருக்கும். பிறக்கிற மகளுக்குப் புது ஓடு தேவை. தாய் முன்கூட்டியே விழுங்கி வைத்திருந்த மணலை வெளியே தள்ளி, தன் வாயோடு வாயாகப் புது ஓட்டைக் கட்டித் தரும். ஒரு முற்பகலில் அவள் அதை முழுவதும் பார்த்தாள். கொம்புள்ள தாயிடமிருந்து பிரிந்த மகளின் ஓடு வழவழப்பான குடமாக இருந்தது. கொம்பு இல்லை. அடுத்தடுத்துப் பிரிந்தவற்றிலும் இல்லை. கரையில் கொட்டிய கல்லில் நீளச் சில்லுகள் இருந்தன. கிடைத்த சில்லை வைத்துக் கட்டியதால் கொம்பு போல நின்றது. அது இனத்தின் அடையாளமில்லை, அந்த இடத்தின் மண். கல்தூள் இல்லாத கரையிலிருந்து எடுத்த சேற்றில் ஏன் ஒரு கொம்புகூட இல்லை என்பதும் இப்போது புரிந்தது.

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தபோது கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி நனைந்திருந்தது.

மாதிரி கெட்டுவிட்டது, மரபணு பெருகவில்லை என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கேள்வி கேட்க மாட்டார். புனேக்காரர்கள் வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளட்டும், அந்தப் பாவம் தன் கையால் வேண்டாம். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. வீட்டில் அவர் "வந்துடுச்சா?" என்பார். "இன்னும் இல்லைங்க" என்பாள். பிறகு அவர் கேட்பதற்கு முன்பே அவளே அதைச் சொன்னாள். மகள் பெயரை வைத்து ஒரு பொய்யைத் தினமும் சொல்கிறோம் என்று ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள். மறுநாள் மதியம் லீவு போட்டுவிட்டு மடிக்கணினியோடு அவர் கல்லூரிக்குப் போனாள்.

வகுப்பு முடிந்து ஆய்வகம் காலியாக இருந்தது. ராஜவேல் ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அட, நீ இங்க?" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. "வந்துடுச்சா?"

அவள் திரையைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். விளக்கவில்லை. மரம் படிக்க அவருக்குத் தெரியும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதலில் கொம்புள்ளவற்றைத் தேடினார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கிளையின் அடிவரை வந்தார். பிறகு மேலே போய் மறுபடியும் வந்தார்.

"கலந்துருக்கும்," என்றார்.

"மூணு தடவ பண்ணேங்க. மாலா தனியா பண்ணா. வளத்தும் பாத்தேன். கொம்பு வரல."

"வெயில் பத்தாம இருக்கும். தட்டுல வளக்கறதும் ஏரியும் ஒண்ணா?"

"எந்த எடத்துல தப்புன்னு சொல்லுங்க. திரும்பப் பண்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஜன்னலைச் சாத்தப் போனார். திரும்பியபோது அவர் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"வீட்டுல அவ பேர நீ ஒரு நாள் சொன்னதில்ல. அவ போனதுலேர்ந்து ஒரு நாள் சொன்னதில்ல. நானும் எதுவும் கேக்கல. இங்க ஒரு இடத்துலதான் அவ பேர் இருந்துச்சி. அதையும் நீயே எடுக்கணுமா?"

ஆதிலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி நீங்க ரத்தத்துக்காக அலைஞ்சிக்கிட்டு இருந்தீங்க," என்றாள். "நான் உள்ள இருந்தேன். புள்ள கண்ணு மேல போய்க்கிட்டே இருந்துச்சி. அந்த நர்சு, பேரச் சொல்லிக் கூப்டும்மா, அம்மா குரல் கேட்டா திரும்புவான்னு சொன்னாங்க. கூப்டேன். கவிநிலா, கவிநிலான்னு கூப்டுக்கிட்டே இருந்தேன். வாய காதுகிட்ட வச்சிக் கூப்டேன். கத்திக் கூப்டேன். திரும்பல. போதும்மான்னு அவங்களே வந்து என்னப் புடிச்சாங்க." அவள் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "அந்தப் பேரு வாய்க்கு வந்தா நான் அங்கதான் போய் நிக்கிறேங்க. சொல்லக் கூடாதுன்னு இல்ல. சொல்ல முடியல."

ராஜவேல் இதைக் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பிறகு கேட்கவே தோன்றவில்லை. அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். தொடலாமா கூடாதா என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு அவள் தோளில் கை வைத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். கதவைப் பூட்ட வந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் அவர் அந்த மரத்தைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கட்டுரையைத் தொடங்கவில்லை. ஒரு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்.

"பேர் முழுசா அழியாதுங்க. பாகூரென்சிஸுக்குக் கீழ இணைப் பெயர்னு இருக்கும். எப்பவும் இருக்கும்."

"தெரியும். நானே எத்தனையோ பேர அப்படித் தள்ளி விட்ருக்கேன்," என்றார். "அப்ப ஒண்ணும் தோணல."

அவள் கத்தியை வைத்தாள். சொல்லலாமா என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அதே கரைச் சேற்றில் இன்னொரு அமீபா கிடைத்திருந்தது. ஓடு சின்னது, பார்வைக்கு ஒன்றுமில்லாதது. அதன் வரிசை மட்டும் மரத்தில் எதோடும் சேராமல் அடியிலிருந்தே பிரிந்து தனியாக நின்றது. வேறு பேரினம்தான், சந்தேகமே இல்லை.

"அதுக்கு வைக்கலாம். இத யாராலயும் எடுக்க முடியாது. உங்க கொம்பு மாதிரி இல்ல, மரபணுவே சொல்லுது."

அவர் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்தார். அவள் நறுக்கி வைத்த கத்தரிக்காயைத் தண்ணீரில் எடுத்துப் போட்டார்.

"வேணாம் ஆதி. புள்ளைக்கு ஒரு தடவைதான் பேர் வச்சோம்."

"நான் உங்களுக்காகச் சொன்னேன்."

"தெரியுது. அது எதுவோ. அவ எடுத்தது அது இல்ல."

அவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. புது அமீபாவுக்கு ஏரியின் பெயரையே வைத்தார்கள்.

மரபணுப் பகுதியை அவள் எழுதினாள். பெயரை நீக்கும் பகுதியை நான் எழுதுகிறேன் என்று ராஜவேல் வாங்கிக்கொண்டார். மூன்று வரி எழுத ஒரு வாரம் ஆயிற்று. கரையில் கொட்டப்பட்ட கல் சில்லுகளால் உண்டான கொம்பை இனத்தின் அடையாளமாக நான் தவறாக எடுத்துக்கொண்டேன்; கவிநிலே என்ற பெயர் பாகூரென்சிஸின் இணைப் பெயராகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் இன்னும் மென்மையாக எழுதியிருப்பார்கள். அவள் ஒரு சொல்லை மாற்றலாமா என்று கேட்டாள். "இருக்கட்டும்," என்றார். புனே ஆய்வாளருக்கு முதல் பிரதி போயிற்று. அவர் நன்றி தெரிவித்து நீளமாக எழுதியிருந்தார். அந்தப் பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கட்டுரை மழைக்காலத்தில் வெளியாயிற்று. அன்று சாயங்காலம் நல்ல மழை. சாரத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. ராஜவேல் ஸ்கூட்டரை வழியில் விட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்து வந்தார். ஆதிலட்சுமி துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தலையைத் துவட்டாமல் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கி இந்த ஓட்டு அமீபா பாடம்," என்றார். "கவிநிலேங்கற பேர அடிச்சிடுங்கன்னு சொன்னேன். ஒரு பொண்ணு எழுந்து, சார், கவிநிலான்னா யாருன்னு கேட்டா. இத்தன வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்ல ஆதி. பேர் வச்சப்ப கேக்கல, பாடம் நடத்தறப்ப கேக்கல."

"என்ன சொன்னீங்க?"

"என் பொண்ணுன்னு சொன்னேன்."

வெளியே மழை வலுத்தது. அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே, எந்தக் காலேஜ்ல படிக்கறாங்க சார்னு கேட்டா. இருந்திருந்தா அவளுக்கு இப்ப ஆகிற வயசுதான அந்தப் பொண்ணுக்கு. எல்லாமே அவ வயசுதான், அந்த கிளாஸ் முழுக்க. அதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல."

ஆதிலட்சுமி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப படிக்கலம்மான்னு சொல்லிட்டு, மீதிப் பாடத்த நடத்தி முடிச்சேன்," என்றார் ராஜவேல்.